நண்பர்களைச் சைக்கிளுக்குப் பழக்குவது எப்படி? புதுச்சேரியில் தொடங்குபவர்களுக்கு

தினமும் சைக்கிளில் போய்வருகிற ஒருவருக்குச் சீக்கிரமே ஓர் ஆசை வரும். கூட வேலை செய்கிறவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் இதில் ஏறினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும். உடனே நாம் நன்மைகளைச் சொல்லத் தொடங்குவோம்: உடம்புக்கு நல்லது, காசு மிச்சம், புகை இல்லை. கேட்பவர் தலையாட்டுவார், "ஆமாங்க, செய்யணும்" என்பார், மறுநாள் ஸ்கூட்டரிலேயே வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது. சைக்கிள் நல்லது என்று தெரியாதவர் நம் ஊரில் யார் இருக்கிறார்கள்? வீட்டில் நிற்கும் சைக்கிளில் காற்று இல்லை, எந்தத் தெரு வழியாகப் போவது என்று தெரியவில்லை, முதல் நாள் தனியாகக் கிளம்பத் தயக்கமாக இருக்கிறது. அவரைத் தடுப்பவை இந்த மூன்றும்தான். நீங்கள் கூட நின்று இவற்றைத் தீர்த்துவைத்தால் அதிகம் பேச வேண்டியதே இல்லை. அதற்கான வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் சேர்த்து அழைப்பு விடுத்தால் யாரும் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒருவரை மனதில் வையுங்கள். அவர் பழகிய பிறகு அடுத்தவர்.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது தூரம். அவசரப்படாமல் மிதித்தாலே மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போகலாம். 3 கிலோமீட்டர் என்றால் கால் மணி நேரம். புல்வார்டுகளுக்குள் அடங்கிய பழைய நகரத்தில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கும் அந்த நேரத்துக்குள் போய்விடலாம். முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு, உப்பளம், முதலியார்பேட்டை எல்லாம் அதை ஒட்டியே இருக்கின்றன. இலாசுப்பேட்டையும் கோரிமேடும் கொஞ்சம் தள்ளி, அதோடு போகும்போது மேடு. பழகியவருக்கு அது ஒன்றுமில்லை, ஆனால் முதல் வாரத்தில் மூச்சு வாங்கும். நகரத்திலிருந்து காலாப்பட்டு வரை தினமும் போகிறவரை ஆரம்பத்திலேயே இழுக்காதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்களுக்குப் பக்கத்தில் அவ்வளவு தூரம் ஓட்டினால் புதியவர் மறுபடி சைக்கிளைத் தொட மாட்டார். அதே காலாப்பட்டில் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிப்பவர் என்றால் கதை வேறு. வளாகத்துக்குள் வகுப்புக்கும் நூலகத்துக்கும் போய்வர அவருக்குச் சைக்கிளே தோதான வண்டி.

அடுத்து, முன்பு ஓட்டியவரா என்று பாருங்கள். கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் பிளஸ் ஒன்னில் தமிழ்நாடு அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்கள். அவர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டாம், விட்டுப்போனதைத் திரும்ப எடுத்துக் கொடுத்தால் போதும்.

பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அங்கிருந்து அலுவலகம் ஓடி, மாலையில் காய்கறி மூட்டையோடு திரும்புகிறவரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவருடைய நாளில் இடம் இல்லை என்றால் அது சோம்பல் அல்ல.

என்ன சொல்லிக் கூப்பிடுவது

பெட்ரோல் செலவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். புதுச்சேரியில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. பக்கத்து மாவட்டக்காரர்கள் இங்கே வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். நம் ஊரில் அந்த வாதம் எடுபடுவது கஷ்டம்.

உடல்நலமும் அப்படித்தான், அவராகக் கேட்டால் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போக 20 நிமிடம், வர 20 நிமிடம் என்று வாரம் நான்கு நாள் ஓட்டினால் அது தானாக நிறைந்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

கூப்பிடும்போது ஒரு நாள், ஒரு நேரம், ஓர் இடம் சொல்லிக் கூப்பிடுங்கள். "நாமும் சைக்கிள் ஓட்டணும்" என்பதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "புதன்கிழமை காலையில ஆறரைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன், பெரிய மார்க்கெட் வரைக்கும் போய் மீன் வாங்கிட்டு வந்துடலாம்" என்றால் சரி என்றோ முடியாது என்றோ சொல்லியே ஆக வேண்டும். அவர் எப்படியும் போகிற இடமாக இருக்கட்டும். பால் வாங்கப் போவது, மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போவது, வழக்கமாக டீ குடிக்கிற கடை, எதுவானாலும் சரி. ஊசுட்டேரி வரை போய்ப் பறவை பார்க்கலாம் என்று கூப்பிட்டால் அவர் உற்சாகமாக வருவார், நானும் அந்தச் சவாரியை மிகவும் விரும்புகிறவன்தான். ஆனால் அது ஒரு சுற்றுலாவாக முடிந்துபோகும். அன்றாடம் செய்கிற ஒரு வேலை சைக்கிளுக்கு மாறினால்தான் பழக்கம் ஒட்டும்.

"இந்த வயசுல சைக்கிளா, நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்பது பலர் வாயைத் திறந்து சொல்லாத தயக்கம். இதற்குப் புதுச்சேரி நல்ல ஊர். அரவிந்தர் ஆசிரமத்துப் பெரியவர்கள் தலை நரைத்த பிறகும் சைக்கிளில் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு நாள் காலையில் ஆசிரமத்துப் பக்கத் தெருக்களில் அவரோடு சும்மா நடந்து வாருங்கள், அதுவே பதில் சொல்லிவிடும்.

சைக்கிளைத் தயார் செய்வது உங்கள் வேலை

இந்தப் படியைத் தாண்டவே முடியாமல் நிற்கிறவர்கள்தான் அதிகம். அதனால் இதை அவரிடம் விடாதீர்கள், நீங்களே எடுத்துச் செய்யுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் மாடிப்படிக்கு அடியிலோ மொட்டை மாடியிலோ ஒரு பழைய சைக்கிள் நிற்கும். புதிது வாங்கும் பேச்சே வேண்டாம், அதை வெளியே எடுங்கள். காற்று அடித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் உடனே பஞ்சர் என்று முடிவுகட்டாதீர்கள். பழைய மாதிரி வால்வு என்றால் உள்ளே இருக்கும் வால் டியூப் காய்ந்து வெடித்திருக்கும். அதை மாற்ற மிகச் சொற்பக் காசுதான் ஆகும். டயரின் பக்கவாட்டில் விரலால் அழுத்தி மடக்கிப் பாருங்கள், மெல்லிய வெடிப்புகள் நிறையத் தெரிந்தால் டயரை மாற்றிவிட வேண்டும். எவ்வளவு காற்று அடிக்கலாம் என்பது அதே பக்கவாட்டில் எழுதியிருக்கும். காற்றுக் குறைவான டயரில் மிதிப்பது இரண்டு மடங்கு உழைப்பாகத் தெரியும். "சைக்கிள் எனக்கு ஒத்துவராது" என்று விட்டவர்களில் பலர் காற்று இல்லாத சைக்கிளை ஓட்டியவர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரேக் கட்டைகள் பல வருடம் நின்றால் இறுகிக் கல்லாகிவிடும். தேயாமல் முழுசாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஒயர் துரு பிடித்திருந்தால் அதையும். அப்புறம் செயின். நம் ஊரில் காற்றிலேயே உப்பு இருக்கிறது, கடலோரம் குடியிருப்பவர்களின் செயின் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் சிவந்துவிடும். பழைய துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை இதைச் செய்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மேல் இருந்தால் தெருமுனை சைக்கிள் கடையில் ஓவராயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். சக்கரம் ஆடினால் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் பேட்டையில் ஒன்று மிச்சம் இருந்தால் நண்பரையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கடைக்காரரை அறிமுகம் செய்துவையுங்கள். பஞ்சரானால் யாரிடம் போவது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சீட் உயரம் எல்லோரும் கவனிக்காமல் விடுகிற விஷயம். பெடலைக் கீழே முழுசாக இறக்கி, அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும், வலித்தால் மறுநாள் வர மாட்டார். முதல் இரண்டு நாள் மட்டும், கால் தரையில் நன்றாகப் படுவதற்காகச் சற்றுத் தாழ்த்தி வைக்கலாம்.

வீட்டில் சைக்கிளே இல்லையா? மிஷன் வீதிப் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும், அல்லது உங்களுடையதைச் சில நாள் கொடுங்கள். உடனே வாங்கச் சொல்லாதீர்கள். ஒரு மாதம் ஓட்டிய பிறகும் வேண்டும் என்றால் மட்கார்டு, செயின் கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் உள்ள சாதாரண சைக்கிளாக வாங்கட்டும். தடித்த டயரும் ஷாக் அப்சார்பரும் உள்ள வண்டிகள் கடையில் அழகாக நிற்கும். ஆனால் கனம் அதிகம், பலவற்றில் மட்கார்டு இருக்காது, மழையில் முதுகெல்லாம் சேறு. சமதளமான நகரத்துக்குள் கியரும் பெரிதாகத் தேவைப்படாது. கோரிமேட்டு ஏற்றத்தைத் தினமும் ஏறுகிறவர் வேண்டுமானால் யோசிக்கலாம். புடவையோ துப்பட்டாவோ அணிகிறவர் என்றால் செயின் முழுவதையும் மூடும் கார்டும், பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் கார்டும் கட்டாயம்.

வழியை முதலில் நீங்கள் ஓட்டிப் பாருங்கள்

ஸ்கூட்டரில் போகிற வழியும் சைக்கிளில் போகிற வழியும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. நண்பரின் வீட்டிலிருந்து அவர் வேலைக்கு, அவர் கிளம்பும் அதே நேரத்தில், ஒரு நாள் நீங்கள் தனியாக ஓட்டிப் பாருங்கள். ஞாயிறு காலையில் காலியாக இருக்கும் தெரு திங்கள் எட்டரைக்கு எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

பழைய நகரத்தின் தெருக்கள் கட்டம் கட்டமாக, நேர்க்கோட்டில் போடப்பட்டவை. ஒரு பெரிய தெரு நெரிசலாக இருந்தால் அதற்கு இணையாக ஒன்றிரண்டு சின்னத் தெருக்கள் எப்போதும் இருக்கும். இது சைக்கிள்காரருக்குக் கிடைத்த வரம். நேரு வீதியில் கடைகளுக்கு நடுவே திணறுவதற்குப் பதில் ஒரு தெரு தள்ளிப் போனால் நிம்மதியாகப் போய்விடலாம். முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைப் பக்கம் வருகிறவர் காந்தி வீதியை விட்டுவிட்டு வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கமாக வரலாம். காந்தி வீதியில் ஞாயிறு சந்தை நாளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். ஒருவழித் தெருக்களில் மட்டும் கவனம் வேண்டும். சைக்கிள்தானே என்று எதிரில் நுழையப் பழக்காதீர்கள். திருப்பத்தில் வரும் கார்க்காரர் உங்களை அந்தப் பக்கத்திலிருந்து எதிர்பார்க்க மாட்டார்.

இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் இரண்டும் புதியவர்களை மிரட்டும் இடங்கள். சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றிப் போங்கள். இல்லையென்றால் இறங்கி, நடப்பவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டே சாலையைக் கடக்கச் சொல்லுங்கள். அதை நீங்களே முதலில் செய்து காட்டினால் அவருக்குக் கூச்சம் இருக்காது. கடலூர் சாலையில் வருகிறவருக்கு முதலியார்பேட்டை ரயில்வே கேட் உண்டு. தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். நேர் குறுக்காகக் கடக்க வேண்டும், மழை ஈரத்தில் இறங்கிவிடுவதே நல்லது.

வெயிலையும் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து நகரத்துக்கு வருகிறவருக்குக் காலையில் சூரியன் கண்ணில் அடிக்கும், மாலையில் திரும்பும்போதும் அப்படியே. ஆனால் மாலையில் கடல் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போகும். கடலோரத்தில் வீடு, மேற்கே வேலை என்றால் இதற்கு நேர் எதிர்: வெயில் முதுகில், திரும்பும்போது காற்று முகத்தில். மாலைப் பயணத்துக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டால் தன் உடம்பில் தெம்பில்லை என்று நினைத்துக்கொள்வார்.

கூடப் போகும் முதல் நாள்

வார நாளின் அதிகாலையைத் தேர்ந்தெடுங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் வெள்ளை நகரத் தெருக்களில் வாடகை ஸ்கூட்டர்களில் வழி தேடிக்கொண்டே ஓட்டுகிறவர்கள் நிறைய, அந்த நேரம் புதியவருக்கு வேண்டாம். மாலையில் கடற்கரைச் சாலைக்குள் வண்டிகளை விட மாட்டார்கள். அது நடக்கிறவர்களுக்கான நேரம், சைக்கிளைப் பக்கத்துத் தெருவில் பூட்டிவிட்டு நீங்களும் நடங்கள்.

வழி தெரியாத வரை நீங்கள் முன்னால் போங்கள். பெரிய சாலை வரும்போது அவரை முன்னால் விட்டு, நீங்கள் பின்னால், அரை அடி வலப்பக்கம் தள்ளி வாருங்கள். பின்னால் வரும் வண்டிகள் முதலில் உங்களைப் பார்த்து ஒதுங்கும். வேகம் அவருடையது. பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

வழியில் பாடம் நடத்த வேண்டாம். சாலையின் விளிம்பில் மணலும் வாய்க்கால் மூடிகளும் இருப்பதால் ஓரத்தோடு ஒட்டாமல் ஒன்றிரண்டு அடி உள்ளே ஓட்டுவது, நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போவது, திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பார்த்துக் கை காட்டுவது, பஸ்ஸின் இடப்பக்க இடைவெளிக்குள் நுழையாமல் இருப்பது. இவ்வளவையும் நீங்கள் செய்வதைப் பார்த்தே அவர் பிடித்துக்கொள்வார். நாய் துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். இருட்டிய பிறகு ஓட்டுகிறவருக்கு முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும். முதல் பரிசாக நீங்களே அந்தச் சிவப்பு விளக்கை வாங்கிக் கொடுக்கலாம்.

ஓட்டவே தெரியாதவர் என்றால்

வளர்ந்தவர்களில், குறிப்பாகப் பெண்களில், கற்றுக்கொள்ளும் வாய்ப்பே கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். வயது ஒரு தடையே இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். வயல் வேலைக்கும் கல் குவாரி வேலைக்கும் போன பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். முதலில் கற்றவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது.

இலாசுப்பேட்டை ஹெலிபேட் மைதானம் போன்ற திறந்த இடத்தில், வேடிக்கை பார்ப்பவர்கள் குறைவான நேரத்தில் தொடங்குங்கள். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடும் பழைய முறை வேண்டாம். உங்கள் கை தாங்குவதால் அவருக்குச் சமநிலை வராது, உங்கள் இடுப்பும் போகும். இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். சீட்டை இறக்கி, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரச் சொல்லுங்கள். காலால் உந்தி உந்திப் போகட்டும், பிரேக் பிடித்து நிற்கட்டும். கால்களைத் தூக்கிக்கொண்டு சில நொடி உருளத் தெரிந்ததும் பெடலை மாட்டுங்கள். மிதிக்க அவரே தொடங்கிவிடுவார். பல பேருக்குச் சில நாட்களிலேயே வந்துவிடும், சிலருக்கு வாரக்கணக்காகும். அவசரப்படுத்தாதீர்கள். மைதானத்தில் திருப்பமும் ஒற்றைக் கை ஓட்டமும் நன்றாக வரும்வரை சாலைக்கு அழைத்துப் போகவும் வேண்டாம்.

பழக்கம் நிற்க

முதல் சவாரி சந்தோஷமாகவே முடியும். இரண்டாவது வாரத்தில்தான் வியர்வை, சட்டைக் கசங்கல், நிறுத்த இடம் என்று சின்னச் சின்னத் தொல்லைகள் சேர்ந்து ஆளை நிறுத்திவிடும். அவற்றை நீங்கள் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி மெதுவாக ஓட்டுவது, பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுவது, ஒரு மாற்றுச் சட்டையும் துண்டும் அலுவலகத்தில் வைத்திருப்பது, இவை இருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தையும் சமாளிக்கலாம். கத்திரி வெயிலில் காலை எட்டு மணிக்கு முன் போய்ச் சேருவது நல்லது. நிறுத்த நிழலான இடம் வேண்டும் என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டால் நடக்காதது, இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் நடக்கலாம். பின்சக்கரப் பூட்டு மட்டும் போதாது, கம்பத்தோடு சேர்த்து ஒரு சங்கிலிப் பூட்டும் போடச் சொல்லுங்கள்.

தினமும் ஓட்டியே ஆக வேண்டும் என்று கணக்குக் கேட்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே அது நல்ல தொடக்கம். ஸ்கூட்டரில் வந்த நாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததையும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஊரை வெள்ளக்காடாக்கியதையும் நேரில் பார்த்தவர்கள் நாம். தண்ணீர் தேங்கிய தெருவில் வாய்க்கால் எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாது. அந்த நாட்களில் ஓட்டவே வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தூறலில் ஓட்டலாம், ஆனால் ரிம் நனைந்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும், முன்கூட்டியே அழுத்த வேண்டும். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

மழைக்காலத்தில் விட்டுப்போகும் பழக்கம் தானாகத் திரும்பி வராது. பொங்கல் கழிந்ததும் உங்கள் பம்ப்போடு அவர் வீட்டுக்குப் போங்கள். அந்தச் சைக்கிளில் காற்று இறங்கியிருக்கும், செயின் சிவந்திருக்கும். இரண்டையும் சரிசெய்துவிட்டு, மறுபடி ஒரு நாளும் நேரமும் இடமும் சொல்லிக் கூப்பிடுங்கள்.